கல்யாணத்துக்கு முன் சமையல் பழக: இரண்டு பேர் அளவில் எட்டு வாரம்

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அடுப்பு பற்றவைப்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. கல்யாணம் முடிந்த கையோடு வேறு ஊரில் தனிக்குடித்தனம். இந்த நிலையில் இருக்கும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் குறிப்புகள். சோறு, குழம்பு ஓரளவு வரும் என்பவர்கள் நேரே 8-ஆம் படிக்குப் போய்விடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஐந்து பேருக்கு அம்மா சமைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியவர்களுக்குப் புது வீட்டில் கணக்கு தப்பும். அளவைப் பாதியாக்கினால் பருப்பு பாதியாகும், புளி பாதியாகும். சுண்டுகிற தண்ணீர் பாதியாகாது. அதே கடாயில் அதே தீயில் கொதித்தால் ஆறு டம்ளர் சாம்பாரிலிருந்து எவ்வளவு ஆவியாகுமோ, மூன்று டம்ளரிலிருந்தும் கிட்டத்தட்ட அவ்வளவே ஆவியாகும். மிஞ்சுவது கெட்டியாகி உப்புக் கரிக்கும். தாளிக்கிற எண்ணெயும் அப்படித்தான், கடுகு முங்குமளவு இருந்தே ஆகவேண்டும். அதனால் முதல் நாளிலிருந்தே இரண்டு பேர் அளவில், சின்னப் பாத்திரத்தில், அளந்து சமையுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கு வழக்கமான சமையல் தனியாக நடக்கட்டும்.

கீழே டம்ளர் என்று வரும் இடமெல்லாம் 200 மி.லி. பிடிக்கிற டம்ளர். டீஸ்பூன் என்றால் 5 மி.லி. அஞ்சறைப் பெட்டிக்குள் கிடக்கும் குட்டிக் கரண்டி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அளவு, அதை நம்ப வேண்டாம். அளவு ஸ்பூன் செட் ஒன்று நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும்.

1. எப்போது தொடங்குவது

கல்யாணத்துக்குப் பத்து வாரம் முன்பு. எட்டு வாரம் பழக, கடைசி இரண்டு வாரம் கணக்கில் இல்லை. பத்திரிகை வைப்பது, தையல்காரரிடம் அலைவது, உறவுக்காரர் வருகை என்று அந்த நாட்களில் அடுப்பங்கரையில் உங்களுக்கு இடமே கிடைக்காது.

வாரத்தில் சனி, ஞாயிறு மதியமும் இடையில் ஒரு நாள் மாலையும் போதும். முதல் இரண்டு வாரம் சாதம், தாளிப்பு, தயிர் சாதம். மூன்றும் நான்கும் பருப்பு, சாம்பார், ரசம். ஐந்தும் ஆறும் பொரியல், டிபன். ஏழாவது வாரம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சாப்பாடு. எட்டாவது வாரம் அதையே யாரும் பக்கத்தில் நிற்காமல், சாமான் எடுத்துக்கொடுக்கக்கூட ஆள் இல்லாமல் செய்வது. இந்த எட்டாவது வாரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உப்பு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே சமைப்பவருக்கு அது தெரியும்வரை எதிலும் நிதானம் வராது.

வாரம் ஒரு புதுப் பதார்த்தம் என்று போகாதீர்கள். ஒரே சாம்பாரை நான்கு முறை வையுங்கள். நாலாவது முறை காய் மட்டும் மாறட்டும்.

2. பாத்திரம்: எதை வாங்குவது, எதை வாங்கக்கூடாது

இரண்டு பேருக்கு வேண்டியது இவ்வளவுதான்: 3 லிட்டர் குக்கர், அதற்குள் அடுக்குகிற இரண்டு பாத்திரம், ஒரு இரும்பு அல்லது அடி கனமான கடாய், இரும்புத் தோசைக்கல், ஒன்றரை லிட்டர் பிடிக்கிற இரண்டு பாத்திரம், பால் பாத்திரம், தாளிக்கிற கரண்டி, இடுக்கி, வடிகட்டி, கத்தி, பலகை, மிக்ஸி. நடுத்தரத் தரத்தில் குக்கர் சுமார் 1,200 முதல் 2,000 ரூபாய், மிக்ஸி 3,000-க்கு மேல், இரண்டு பர்னர் அடுப்பு 2,000 முதல் 4,000 வரை ஆகலாம். குக்கரிலும் அடுப்பிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குக்கரைக் கடையிலேயே திறந்து, அடுக்குப் பாத்திரங்களை உள்ளே வைத்து மூடிப் பாருங்கள். அகலமாக, உயரம் குறைவாக இருக்கும் குக்கரில் இரண்டு அடுக்கு நிற்காது. பருப்பும் சாதமும் ஒரே நேரத்தில் வேகாவிட்டால் தினமும் இருபது நிமிடம் கூடுதலாகப் போகும்.

சீர்வரிசையிலும் அன்பளிப்பிலும் ஹாட்பாக்ஸ், டின்னர் செட், 5 லிட்டர் குக்கர் எப்படியும் வரும். அவற்றைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். 5 லிட்டர் குக்கரில் அரை டம்ளர் பருப்பை நேரடியாகப் போட்டு வேகவைத்தால் அடியில் பரவி, தண்ணீர் சீக்கிரம் வற்றிப் பிடித்துக்கொள்ளும். விருந்தாளி வரும் நாளுக்கு அது பரணில் இருக்கட்டும். நான்ஸ்டிக் வாங்குவதென்றால் ஒன்றே ஒன்று போதும், அதையும் காலியாகப் பெரிய தீயில் வைக்கக்கூடாது.

குடிபோகிற வீட்டில் முதல் மாதம் கேஸ் இல்லாமல் இண்டக்‌ஷன் அடுப்பாக இருக்க வாய்ப்புண்டு. அப்படியென்றால் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத பாத்திரம் அதில் சூடாகாது. சாதாரண அலுமினியக் குக்கர் ஒட்டாது.

3. முதல் மாத மளிகை

பழைய வீட்டு மளிகைச் சீட்டை அப்படியே எழுதிக்கொடுத்தால் மூன்றாம் மாதம் பருப்பில் வண்டு ஓடும். இரண்டு பேருக்கு முதல் மாதம் இவ்வளவு வைத்துத் தொடங்கலாம்: சாப்பாட்டு அரிசி 5 கிலோ, துவரம் பருப்பு 1 கிலோ, உளுத்தம் பருப்பு கால் கிலோ, பாசிப் பருப்பு கால் கிலோ, ரவை அரை கிலோ, கோதுமை மாவு 1 கிலோ, புளி கால் கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டர், கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் 1 லிட்டர். கடுகு, சீரகம் தலா 100 கிராம், மிளகு, வெந்தயம் தலா 50 கிராம். மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் தலா 100, சாம்பார் பொடி 200 கிராம். பெருங்காயம் இருப்பதிலேயே சின்ன டப்பா. உப்பு, சர்க்கரை, காபி, டீ உங்கள் வழக்கப்படி.

அம்மா வீட்டுச் சாம்பார் பொடி கிடைத்தால் அதுதான் முதல் ஆறு மாதத்துக்குக் காப்பு. ஆனால் அதைப் பழகும் காலத்திலேயே பயன்படுத்துங்கள். கடைப் பொடியில் காரமும் மல்லியும் வேறு விகிதத்தில் இருக்கும், சிலவற்றில் உப்பும் சேர்ந்திருக்கும். பொடி மாறினால் இங்கே சொல்லும் அளவும் மாறும். பாக்கெட் வாங்கும்போது தேதியையும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க உரிம எண்ணையும் பாருங்கள்.

4. சாதம்

இரண்டு பேருக்கு ஒரு வேளைக்கு 1 டம்ளர் அரிசி. கழுவி இருபது நிமிடம் ஊறவையுங்கள். உள்பாத்திரத்தில் பொன்னி பச்சரிசி என்றால் 1-க்கு 2½ டம்ளர் தண்ணீர், பொன்னி புழுங்கல் என்றால் 1-க்கு 3. குக்கரின் அடியில் தனியாக ஒன்றரை டம்ளர் தண்ணீர். அரிசியின் அளவு குறைந்தாலும் இந்த அடித் தண்ணீரைக் குறைக்கக்கூடாது. அதுதான் ஆவியாகிறது, அது வற்றினால் சேஃப்டி வால்வு போய்விடும்.

மூடியைப் போட்டு, நடுத்தீயில் மூக்கு வழியே ஆவி சீறிக்கொண்டு வந்த பிறகு வெயிட்டைப் போடுங்கள். நான்கு விசில். அடுப்பை அணைத்துவிட்டு, அழுத்தம் தானாக இறங்கும்வரை தொடாதீர்கள், பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். வெயிட்டைத் தூக்கி ஆவியைச் சீக்கிரம் வெளியேற்றினால் மேலே உள்ள அரிசி அரை வேக்காட்டில் நிற்கும், உள்ளே இருக்கும் கஞ்சியும் பொங்கித் தெறிக்கும். மூடி திறக்கவில்லையென்றால் இன்னும் அழுத்தம் இருக்கிறது. பலம் போட்டுத் திறக்கக்கூடாது.

சாதம் குழைந்தால் அரிசி புதியது. புது அரிசிக்குக் கால் முதல் அரை டம்ளர் தண்ணீர் குறையும். ஒரு வருடப் பழைய அரிசி என்றால் மேலே சொன்ன அளவு சரியாக வரும். புது மூட்டை திறந்த முதல் நாள் விருந்தாளியைக் கூப்பிடாதீர்கள்.

விசில் வரவில்லை, ஓரத்தில் ஆவி கசிகிறது என்றால் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம், அதாவது கேஸ்கட், தளர்ந்திருக்கிறது. குளிர்ந்த தண்ணீரிலோ ஃப்ரீசரிலோ சில நிமிடம் வைத்துப் போட்டால் அன்றைக்குச் சமாளிக்கலாம். அதற்குப் பிறகு புதிது வாங்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. ஒவ்வொரு முறையும் மூடியைப் போடும் முன் ஆவி வரும் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பருப்புத் தோல் ஒன்று அடைத்திருந்தால் போதும், வெயிட் எழும்பாது.

5. தாளிப்பு

தென்னிந்தியச் சமையலில் பாதி ருசி இந்த ஒன்றரை நிமிடத்தில் இருக்கிறது. கருகுவதும் இங்கேதான். அதனால் குழம்பு வைக்கும் முன் வெறும் தயிர் சாதத்துக்குத் தாளித்தே நான்கைந்து முறை பழகுங்கள்.

எல்லாவற்றையும் முதலில் தட்டில் எடுத்து வையுங்கள். எண்ணெய் காய்ந்த பிறகு டப்பா மூடியைத் திருகிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. தாளிக்கிற கரண்டியில் 2 டீஸ்பூன் எண்ணெய். ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள், உடனே வெடித்தால் அரை டீஸ்பூன் கடுகு. அது படபடத்து அடங்கும்போது தீயைக் குறைத்து அரை டீஸ்பூன் உளுத்தம் பருப்பு. பருப்பு பொன்னிறத்துக்குத் திரும்பத் தொடங்கியதும் கிள்ளிய வரமிளகாய், பிறகு ஒரு சிட்டிகை பெருங்காயம், கடைசியில் ஈரம் துடைத்த கறிவேப்பிலை. அடுப்பை அணைத்துவிடுங்கள். சூட்டிலேயே மிச்சம் சிவக்கும்.

இந்த வரிசைக்குக் காரணம் எது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான். கடுகு வெடிக்க நல்ல சூடு வேண்டும். சீரகம், வெந்தயம், மிளகாய் அந்தச் சூட்டில் நொடியில் கறுத்துவிடும். வெடிக்காத கடுகு வாயில் கசக்கும். கருகிய தாளிப்பைக் குழம்பில் கொட்டினால் குழம்பே போய்விடும். கொட்டாமல் எறிந்துவிட்டுப் புதிதாகத் தாளியுங்கள், நஷ்டம் சில ரூபாய்தான்.

கறிவேப்பிலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். ஒரு தட்டைக் கையிலேயே வைத்திருங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, தீ மேலெழும்பிப் பரவும். அடுப்பை அணைத்துவிட்டு அந்தத் தட்டால் மூடுங்கள்.

6. பருப்பும் சாம்பாரும்

மதியம், இரவு இரண்டு வேளைக்கு இரண்டு பேருக்கு அரை டம்ளர் துவரம் பருப்பு. கழுவி, ஒன்றரை டம்ளர் தண்ணீர், கால் டீஸ்பூன் மஞ்சள் தூள், சில சொட்டு எண்ணெய் சேர்த்துக் குக்கரில் ஐந்து விசில். எண்ணெய் விடுவது நுரை பொங்கி வெயிட் வழியே வழியாமல் இருக்க. பருப்பைக் குக்கரில் நேரடியாக வேகவைப்பதென்றால் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது.

பருப்பு வேகவில்லை என்ற புகார் அடிக்கடி வரும். காரணங்கள் மூன்று. ஒன்று, பருப்பு பழசு. ஒரு மணி நேரம் ஊறவைத்து வேகவையுங்கள். இரண்டு, தண்ணீர் உப்புத்தன்மை உள்ள போர்த் தண்ணீர். சென்னையில் பல பகுதிகளில் இதுதான் நிலைமை. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பைக் குழைய விடாது. பருப்பு வேகவைக்க மட்டுமாவது கேன் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று, புளியையோ தக்காளியையோ முதலிலேயே போட்டிருப்பீர்கள். புளிப்பு சேர்ந்தால் பருப்பும் காயும் இறுகும்.

காய்க்கும் இதே விதிதான். முருங்கைக்காய், கத்தரிக்காய், கேரட், எதுவானாலும் முதலில் வெறும் தண்ணீரில் முக்கால் பதம் வெந்த பிறகே புளித் தண்ணீர். புளியில் போட்ட பச்சை முருங்கைக்காய் சீக்கிரம் வேகாது. வெண்டைக்காயை மட்டும் எண்ணெயில் வழுவழுப்புப் போக வதக்கிச் சேர்க்க வேண்டும்.

செய்முறை இது. சின்ன எலுமிச்சை அளவு புளியை ஒன்றரை டம்ளர் வெந்நீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்துக் கரையுங்கள். பாத்திரத்தில் 2 டீஸ்பூன் எண்ணெய், பத்து சின்ன வெங்காயம், ஒரு தக்காளி வதக்கி, ஒரு கைப்பிடி காய், மூழ்கும் அளவு தண்ணீர். காய் வெந்ததும் புளித் தண்ணீர், 2 டீஸ்பூன் சாம்பார் பொடி, 1 டீஸ்பூன் தூள் உப்பு. ஏழெட்டு நிமிடம் கொதிக்கட்டும். புளியின் பச்சை வாடையும் பொடியின் பச்சை வாடையும் போயிருக்க வேண்டும், அதை மூக்குதான் சொல்லும். பிறகு மசித்த பருப்பு, தேவைப்பட்டால் அரை டம்ளர் வெந்நீர். மறுபடி ஐந்து நிமிடம். தாளித்துக் கொட்டி, மல்லித்தழை தூவி மூடுங்கள்.

உப்பை இரண்டு தவணையாகப் போடுவது புதியவர்களுக்குப் பாதுகாப்பு. முதலில் 1 டீஸ்பூன், பருப்பு சேர்த்துக் கொதித்த பின் ருசி பார்த்து மீதி. ஒரு லிட்டர் குழம்புக்குச் சுமார் ஒன்றரை டீஸ்பூன் தூள் உப்பு வரை போகும். கல் உப்பில் அதே டீஸ்பூனுக்கு உப்பு குறைவாகப் பிடிக்கும், ஆகவே ஏதாவது ஒன்றிலேயே பழகுங்கள்.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் சரியாகும் என்பார்கள். கிழங்கு உறிஞ்சுவது கொஞ்சம் குழம்பைத்தான், உப்பை மட்டும் தனியாக எடுக்காது. உப்புப் போடாத வெந்த பருப்பும் தண்ணீரும் சேர்த்து அளவைக் கூட்டுவதே வழி. புளிப்பு கூடினால் சிறு துண்டு வெல்லம். சாம்பார் தண்ணீராக இருந்தால் 1 டீஸ்பூன் அரிசி மாவைக் கரைத்து விட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

7. ரசம், பொரியல்

ரசத்துக்கு நெல்லிக்காய் அளவு புளி, ஒரு தக்காளி, இரண்டு டம்ளர் தண்ணீர். 1 டீஸ்பூன் மிளகு, 1 டீஸ்பூன் சீரகம், நான்கு பல் பூண்டு இவற்றைக் கொரகொரப்பாகத் தட்டி வையுங்கள். மைய அரைத்தால் ரசம் குழம்பாகிவிடும். புளித் தண்ணீர், கையால் பிசைந்த தக்காளி, மஞ்சள் தூள், முக்கால் டீஸ்பூன் உப்பு சேர்த்து ஆறேழு நிமிடம் கொதித்ததும் தட்டியதைப் போட்டு, அரை டம்ளர் பருப்புத் தண்ணீர் ஊற்றித் தீயைக் குறைத்துவிடுங்கள். இனிமேல் கொதிக்கக்கூடாது. ஓரத்தில் நுரை கட்டி மேலே எழும்பும் நேரம் அணைக்க வேண்டும். கொதித்துவிட்டால் மிளகு, சீரக வாசம் பறந்து, கடுத்துப்போன தண்ணீர்தான் மிஞ்சும். நெய்யில் கடுகும் சீரகமும் தாளித்து மூடி வையுங்கள்.

பொரியல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு பேருக்கு 200 கிராம் காய். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். தாளித்து, காயைப் போட்டு, அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக உப்பு, கைத்தண்ணீர் தெளித்து மூடிச் சின்னத் தீயில் பீன்ஸ் பன்னிரண்டு நிமிடம், கோஸ் எட்டு நிமிடம். கடைசியில் 2 டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவல். கீரைக்கு உப்பு கடைசியில்தான், வெந்ததும் அது கால்வாசியாகச் சுருங்கிவிடும். நறுக்கும்போது காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்பக்கம் மடக்கி வையுங்கள்.

8. டிபன்

தொடக்கத்தில் மூன்று போதும்.

உப்புமா: 1 டம்ளர் ரவையைச் சின்னத் தீயில் வாசம் வரும்வரை வறுத்துத் தனியே வையுங்கள். தாளித்து, வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கி, 2½ டம்ளர் தண்ணீர், முக்கால் டீஸ்பூன் உப்பு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு கையால் ரவையைத் தூவிக்கொண்டே மறு கையால் கிளற வேண்டும். கட்டி தட்டுவதற்குக் காரணம் தண்ணீர் கொதிக்காதது அல்லது ரவையை மொத்தமாகக் கொட்டியது. மூடி, சிம்மில் மூன்று நிமிடம்.

தோசை: மாவு அரைக்கும் வேலையை முதல் ஆண்டு தள்ளிப் போடலாம் என்பது என் கருத்து. கடை மாவு வாங்குங்கள். அன்றைக்கு அரைத்த மாவா என்று கேளுங்கள். முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, மூன்றாம் நாள் புளித்தால் ஊத்தப்பம். அரைத்தே தீருவேன் என்பவர்களுக்கு: இட்லி அரிசி 4, உளுந்து 1, ஒரு டீஸ்பூன் வெந்தயம், நான்கு மணி நேரம் ஊறல், அரைத்துக் கையால் கரைத்து எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். பெங்களூருக் குளிரில் இன்னும் சில மணி நேரம் கூடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றினால் காலையில் மேடையைத் துடைக்கும் வேலையும் சேரும்.

மாவைத் தேய்க்கும்போது கரண்டியோடு சுருண்டு வந்தால் கல் அதிகச் சூடு. தண்ணீர் தெளித்துத் துணியால் துடைத்து, தீயைக் குறைத்து ஊற்றுங்கள். எடுக்கும்போது கல்லில் ஒட்டினால் கல் சூடு போதவில்லை, அல்லது கல் பழகவில்லை. புது இரும்புக் கல்லை நன்கு கழுவிக் காயவைத்து, எண்ணெய் தடவிச் சூடாக்கி ஆறவிடுவதை மூன்று நான்கு நாள் செய்து, வெங்காயத்தைப் பாதியாக வெட்டித் தேய்த்துவிட்டுப் பிறகு ஊற்ற வேண்டும். தோசைக்கல்லில் சப்பாத்தி போட்டால் மறுநாள் தோசை வராது. இதற்காகவே பல வீடுகளில் இரண்டு கல்.

சப்பாத்தி: 1½ டம்ளர் மாவுக்கு அரை டம்ளரை ஒட்டித் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக விட்டு. பிசைந்து இருபது நிமிடம் மூடி வையுங்கள், ஆறேழு வரும். சப்பாத்தி வறண்டு அப்பளம் போலானால் தீ குறைவு. சின்னத் தீயில் நெடுநேரம் கிடந்தால் ஈரம் எல்லாம் போய்விடும். கல் நன்றாகக் காய்ந்து, நடுத்தீக்கு மேல் வைத்து, ஒரு நிமிடத்துக்குள் இரண்டு பக்கமும் முடிக்க வேண்டும்.

9. ஐம்பது நிமிடத்தில் ஒரு சாப்பாடு

ஏழாவது வாரத்தில் இந்த வரிசையைப் பழகுங்கள். இரண்டு பர்னர் அடுப்பு, சாதம், சாம்பார், ரசம், ஒரு பொரியல்.

முதல் ஐந்து நிமிடம்: சாம்பாருக்கும் ரசத்துக்கும் சேர்த்துப் புளியை வெந்நீரில் ஊறப்போடுங்கள், அரிசியும் பருப்பும் கழுவுங்கள். இந்த வரிசையில் அரிசி ஊற நேரமில்லை, அதனால் தண்ணீரைக் கால் டம்ளர் கூட்டுங்கள். பருப்பு கீழ் அடுக்கு, அரிசி மேல் அடுக்கு, குக்கர் முதல் பர்னரில், ஐந்து விசில். அது கூவும் பதினைந்து நிமிடத்தில் வெங்காயம், தக்காளி, சாம்பார்க் காய், பொரியல் காய் நறுக்குங்கள். இருபதாவது நிமிடம் குக்கரை இறக்கி ஆறவிட்டு, ஒரு பர்னரில் சாம்பார்க் காய், மற்றதில் பொரியல். முப்பத்தைந்தாவது நிமிடம் குக்கர் திறக்கும். சாம்பாருக்குப் பருப்பு, பொரியல் இறங்கிய பர்னரில் ரசம். கடைசியில் தாளிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில்.

முதல் முறை இது ஒன்றரை மணி நேரம் ஆகும். தாமதம் பெரும்பாலும் நறுக்குவதில்தான். வேலை நாளென்றால் முதல் நாள் இரவே காய் நறுக்கி மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள், கத்தரிக்காய் மட்டும் கறுத்துவிடும்.

மிஞ்சிய சாதத்தை மாலைவரை மேடையில் விடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். வெந்த சாதத்தில் தங்கும் ஒரு வகைக் கிருமியின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

10. கேஸ் இணைப்பும் ரேஷன் கார்டும்

இதைக் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பே, வீடு பார்த்து முன்பணம் கொடுத்த கையோடு தொடங்குங்கள்.

புது இணைப்புக்கு அடையாளச் சான்று (ஆதார்), முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படம், கே.ஒய்.சி. படிவம், வங்கிக் கணக்கு விவரம். இடிப்பது முகவரிச் சான்றில்தான். ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருக்கும். அதனால் வாடகை ஒப்பந்தத்தை முத்திரைத் தாளில் எழுதி, வீட்டு எண், தளம், பின்கோடு ஆகியவை மின்கட்டண ரசீதில் இருப்பது போலவே எழுதச் சொல்லுங்கள். ‘பழைய எண், புதிய எண்’ குழப்பத்தில் விண்ணப்பம் திரும்புவது சென்னையில் வழக்கம்.

2022 ஜூனில் உயர்த்தியபடி 14.2 கிலோ சிலிண்டருக்கு வைப்புத்தொகை 2,200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250. இவை திரும்பக் கிடைக்கும் பணம். இதோடு கேஸ் விலை, ரப்பர் குழாய், பொருத்தும் கட்டணம் சேரும். ஏஜென்சியிலேயே அடுப்பு வாங்கினால்தான் இணைப்பு என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம், அப்படிக் கட்டாயம் இல்லை. பணம் கட்டியதற்குத் தரும் சந்தா ரசீதை, எஸ்.வி. என்பார்கள், பத்திரமாக வையுங்கள். வீடு மாறும்போது வைப்புத்தொகையைத் திரும்ப வாங்க அதுதான் ஆதாரம்.

ஒரே சமையலறைக்கு ஒரு இணைப்புதான். இருவர் பேரிலும் ஏற்கெனவே தனித்தனி இணைப்பு இருந்தால் ஒன்றை ஒப்படைக்க வேண்டும். வேறு ஊருக்கு மாற்றுவதென்றால் பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கொடுத்து மாற்றுச் சான்று வாங்கி வாருங்கள். அதுவரை சமாளிக்க 5 கிலோ சிலிண்டர் உண்டு. அடையாளச் சான்று மட்டும் போதும், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். ஏஜென்சிகளிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். கிலோ கணக்கில் பார்த்தால் வழக்கமான வீட்டு இணைப்பைவிட விலை கூடுதல்.

சிலிண்டர் வந்ததும் சீல் இருக்கிறதா என்று பாருங்கள், எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பொருத்திய பிறகு சோப்பு நுரையை வால்விலும் குழாய் முனைகளிலும் தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு. சுரக்ஷா என்ற பெயரில் வரும் ரப்பர் குழாயை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், தேதி குழாயிலேயே அச்சாகியிருக்கும். இரவில் ரெகுலேட்டரை அணைத்துவிட்டுப் படுங்கள். வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னல் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-க்கு அழையுங்கள்.

தமிழ்நாட்டில் குடியிருக்கப் போகிறவர்கள் கல்யாணம் முடிந்ததும் இருவரின் பெயரையும் பெற்றோர் குடும்ப அட்டைகளிலிருந்து நீக்கிவிட்டுப் புது அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் கேஸ் இணைப்பு விவரம் கேட்பார்கள், தனிச் சமையலறை இருக்கிறதா என்று நேரில் பார்க்கவும் வருவார்கள். ஆகவே கேஸ் முதலில், கார்டு பிறகு. கார்டு கைக்கு வந்தால் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ரேஷன் பருப்பு வேக ஒன்றிரண்டு விசில் கூடுதலாகக் கேட்கலாம். முதல் முறை வாங்கியதும் ஒரு பிடியைத் தனியாக வேகவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.